வாளுக்கு எத்தனை படி, மந்திரத்துக்கு எத்தனை படி? வாசகர் கேள்வி பதில்

மாயாஜாலக் கதை எழுதுபவர்களும் பகடை உருட்டி ஆடுபவர்களும் அனுப்பிய கேள்விகளில், வீரர்கள், மந்திரவாதிகளின் படிநிலை பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (சேலம் வாசகர்): மாயாஜாலத் தொடர்கதை ஒன்று தொடங்கியிருக்கிறேன். வாள்வீரர்களுக்கு எத்தனை படி வைக்கலாம்? ஏழா, பத்தா? நண்பர் பதினெட்டு வைக்கச் சொல்கிறார்.

பதில்: எண்ணிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு படி வித்தியாசம் சண்டையில் என்ன செய்யும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது தெரிந்துவிட்டால் எண்ணிக்கை தானாக வந்து நிற்கும்.

ஜப்பானில் ஆடும் கோ என்னும் கல் விளையாட்டில் இந்தக் கணக்கு வெகு சுத்தம். ஒரு படி என்றால் ஒரு கல். எட்டாம் கியூவில் (கியூ என்பது அங்கே தொடக்கநிலைப் படி, எண் குறையக் குறையத் தரம் உயரும்) இருப்பவர் ஐந்தாம் கியூவில் இருப்பவரோடு ஆடினால் மூன்று கற்களை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் ஏறத்தாழ சமமாகிவிடும். சதுரங்கத்தின் ஈலோ புள்ளியும் இதே வேலையைச் செய்கிறது. 200 புள்ளி அதிகம் உள்ளவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார். 400 அதிகம் என்றால் 91. 600 என்றால் 97.

இதை உங்கள் கதைக்குள் கொண்டுவாருங்கள். ஒரு படிக்கு 200 புள்ளி, மொத்தம் ஏழு படி என்று வைத்தால் கடைசிப் படிக்கும் முதல் படிக்கும் இடையே 1,200 புள்ளி. கீழே உள்ளவன் ஜெயிப்பது ஆயிரத்தில் ஒரு முறை. அதற்கு மேல் படிகளைக் கூட்டினாலும் இரண்டு முனைகளில் எந்த மாற்றமும் தெரியாது. நண்பர் சொல்லும் பதினெட்டு வேண்டுமென்றால் அதே 1,200 புள்ளியைப் பதினேழு இடைவெளிகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு படிக்கு 70தான் வரும். மேல்படிக்காரன் பத்துக்கு ஆறு முறை ஜெயிப்பான். அதைப் படிக்கிறவருக்கு இரண்டு பேரும் ஒரே தரமாகத்தான் தெரிவார்கள். ஐந்திலிருந்து எட்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி (மதுரை வாசகி): ஒற்றைக்கு ஒற்றை சரி. ஒரு பெருவீரன் எத்தனை பேரைத் தாங்குவான் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: 1971-இல் வந்த செயின்மெயில் என்ற மேசைப் போர் விளையாட்டு இதற்கு நேரடியாகவே விடை வைத்திருந்தது. அதில் ‘ஹீரோ’ நான்கு சாதாரண வீரர்களுக்குச் சமம், ‘சூப்பர்ஹீரோ’ எட்டுப் பேருக்குச் சமம். 1974-இல் அதிலிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் மாயாஜாலக் கதை விளையாட்டு பிறந்தபோது வாள்வீரர்களின் படிகளுக்குப் பெயர் வைத்தார்கள்: வெட்டரன், வாரியர், ஸ்வார்ட்ஸ்மேன், ஹீரோ, ஸ்வாஷ்பக்ளர், மிர்மிடான், சாம்பியன், சூப்பர்ஹீரோ, லார்ட். எண்ணிப் பாருங்கள், ஹீரோ நான்காம் படி, சூப்பர்ஹீரோ எட்டாம் படி. படியின் எண்ணே அவன் எத்தனை ஆளுக்குச் சமம் என்று சொல்லிவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் படியே போர் பார்த்த வீரன்தான். கற்றுக்குட்டிக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

நம் ஊரில் இதைவிடப் பழைய கணக்கு உண்டு. உத்தியோக பருவத்தில் பீஷ்மர் இரு தரப்பு வீரர்களையும் ரதர், அதிரதர், மகாரதர் என்று தரம் பிரிக்கிறார். பதினாயிரம் வில்லாளிகளை ஒருவனாக எதிர்ப்பவன் மகாரதன் என்பது மரபு. கர்ணனின் முறை வரும்போது அவனை அர்த்தரதன், பாதி ரதன், என்கிறார். பீஷ்மர் இருக்கும்வரை ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று கர்ணன் விலகுகிறான். முதல் பத்து நாள் போர் அவன் இல்லாமலே நடக்கிறது. படிநிலையைக் கதைக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் அந்த அத்தியாயத்தைப் பாடமாகவே படிக்கலாம். பட்டம் கொடுப்பவர் யார், அவருக்குப் பாரபட்சம் உண்டா, யாருக்குக் கொடுக்கவில்லை என்பதிலேயே பாதிக் கதை நடந்துவிடுகிறது.

கேள்வி (கோவை வாசகர்): என் கதையில் மந்திரவாதி வளர வளர வாள்வீரன் வெறும் எடுபிடி ஆகிவிடுகிறான். எங்கே தவறு?

பதில்: இது உங்கள் கதைக்கு மட்டும் வந்த நோய் இல்லை, ஐம்பது ஆண்டு பழையது. வாள்வீரன் கூட்டலில் வளர்கிறான், மந்திரவாதி பெருக்கலில் வளர்கிறான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974 விதிகளிலேயே இதைப் பார்க்கலாம். வாள்வீரன் இரண்டாம் படிக்கு 2,000 அனுபவப் புள்ளி, மந்திரவாதிக்கு 2,500. தொடக்கத்தில் மந்திரவாதிதான் பின்தங்கியிருக்கிறான். ஏழாம் படியில் நிலைமை திரும்புகிறது: வாள்வீரனுக்கு 64,000, மந்திரவாதிக்கு 50,000. ஒன்பதாம் படிக்கு வாள்வீரன் 2,40,000 சேர்க்க வேண்டும், மந்திரவாதிக்கு 1,00,000 போதும். பலமும் அதிகம், பாதையும் குறுக்கு. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எல்லாருக்கும் ஒரே அட்டவணை: ஐந்தாம் படிக்கு 6,500, பதினொன்றாம் படிக்கு 85,000, இருபதாம் படிக்கு 3,55,000.

பலத்தின் கணக்கைப் பார்ப்போம். ஐந்தாம் பதிப்பில் ஐந்தாம் படி வாள்வீரன் ஒரு சுற்றில் இரண்டு முறை வெட்டுவான். நீள்வாளுக்கு ஓர் எட்டுமுகப் பகடை, அதோடு கைவலுவுக்கு 4 சேர்த்தால் சராசரி 8.5. இரண்டும் பட்டால் 17. அதே படி மந்திரவாதியின் நெருப்புப் பந்துக்கு எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. எதிரி ஒருவன் என்றால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் சுற்றில் வாள்வீரன் அந்த ஒரு பந்தை முந்திவிடுவான். ஆனால் அந்தப் பந்து 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் எல்லாரையும் சுடும். ஆறு பேர் நின்றால் மொத்தம் 168. சுதாரித்துத் தப்பியவர்களுக்குப் பாதி என்றாலும் வாள் கிட்டே வர முடியாது.

ஆகவே மந்திரத்தின் பலத்தைக் குறைத்துப் பயனில்லை. வேறு நான்கு இடங்களில் கடிவாளம் போட வேண்டும்.

எண்ணிக்கைதான் முதல் கடிவாளம். ஐந்தாம் படி மந்திரவாதிக்கு நாளுக்கு ஒன்பது மந்திர இடங்கள் (ஓர் இடம் என்றால் ஒருமுறை மந்திரம் சொல்லும் வாய்ப்பு): முதல் நிலையில் நான்கு, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் இரண்டு. நெருப்புப் பந்து மூன்றாம் நிலை மந்திரம். ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால் இன்னொரு இடத்தை மீட்கலாம். ஆக நாளுக்கு மூன்று பந்து, அவ்வளவுதான். வாளுக்கு அந்தக் கணக்கே கிடையாது. கதையில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சண்டை வைப்பவர்கள்தான் மந்திரவாதியைக் கடவுளாக்குகிறார்கள். விடியலிலிருந்து அந்திக்குள் நான்கு சண்டை வையுங்கள். நான்காவதில் அவர் வாள்வீரனின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பார்.

இரண்டாவது கவனம். நீடித்து நிற்கும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைக்க முடியும். அடிபட்டால் இருபதுமுகப் பகடையை உருட்டிக் கவனத்தைக் காக்க வேண்டும். இலக்கு 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. உடல்வலுவுக்கு 2 கூட்டிக்கொள்ளும் மந்திரவாதி இலக்கு 10-ஐத் தொட 65 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் தனித்தனியாக உருட்ட வேண்டும் என்பதுதான் சூட்சுமம். இரண்டு வெட்டு பட்டால் வாய்ப்பு 42, நான்கு பட்டால் 18. வாள்வீரன் பதினொன்றாம் படியில் மூன்று வெட்டு, இருபதாம் படியில் நான்கு வெட்டு பெறுகிறான் என்பதன் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். ஒரே பெரிய வெட்டைவிட நான்கு சின்ன வெட்டு மந்திரவாதிக்கு ஆபத்து.

மூன்றாவது கடிவாளம், சண்டை நடக்கும் இடம். நெருப்புப் பந்து 150 அடி போகும். வாள்வீரன் ஓடினால் ஆறு வினாடிச் சுற்றுக்கு 60 அடி. எனவே வெட்டவெளியில் நெருங்க மூன்று சுற்று ஆகும். அதற்குள், ஓய்வெடுக்காமலே கையில் இருக்கும் இரண்டு பந்தும் அவன் மேல்தான். சுரங்கத்தில் இது தலைகீழ். 1978-இன் அட்வான்ஸ்டு பதிப்பில் நெருப்பு சுமார் 33,000 கன அடி இடத்தை நிரப்பியே தீரும். பத்தடிக்குப் பத்தடி நடைபாதையில் வெடித்தால் அது 330 அடி நீளத்துக்கு ஓடும். இரண்டு பக்கமும் 165. எறிந்தவரே வெந்துபோகும் தூரம். பழைய ஆட்டக்காரர்கள் மந்திரம் சொல்லும் முன் அறையின் நீள அகலம் கேட்பதற்கு இதுதான் காரணம். ஐந்தாம் பதிப்பு இந்த விதியைக் கைவிட்டுவிட்டது. எங்களைக் கேட்டால் அது இழப்புதான்.

நான்காவது விலை. பதினேழாம் படியில் கிடைக்கும் ‘விஷ்’ என்ற ஒன்பதாம் நிலை மந்திரத்தை வேறொரு மந்திரத்தின் நகலாகப் பயன்படுத்தினால் வம்பில்லை. சொந்த ஆசை எதையாவது கேட்டால், அதை இனி வாழ்நாளில் சொல்லவே முடியாமல் போக 33 சதவீத வாய்ப்பு. விலை என்றால் இப்படி இருக்க வேண்டும். ‘களைத்துப்போனார்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் அவரை எழுப்பி உட்காரவைப்பது விலை ஆகாது.

கேள்வி (நெல்லை வாசகர்): ஐந்தாம் படி மந்திரவாதியால் ஐந்தாம் நிலை மந்திரம் சொல்ல முடியாது என்கிறார்களே, குழப்பமாக இருக்கிறது.

பதில்: ஆளின் படி 1 முதல் 20 வரை, மந்திரத்தின் நிலை 1 முதல் 9 வரை. இரண்டு படிக்கு ஒருமுறை புதிய நிலை திறக்கும்: மூன்றாம் படியில் இரண்டாம் நிலை, ஐந்தில் மூன்றாம் நிலை, ஒன்பதில் ஐந்தாம் நிலை, பதினேழில் ஒன்பதாம் நிலை. இரண்டையும் ‘லெவல்’ என்றே அழைத்ததால் வந்த வினை. 1978 விதிநூலிலேயே, இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைக்க முதலில் யோசித்ததாகவும் பிறகு விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். ஆளுக்கு ‘படி’, மந்திரத்துக்கு ‘கட்டு’ என்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெங்களூரு வாசகர்): உச்சியில் ‘தெய்வப் படி’ அவசியமா?

பதில்: அங்கே ஆள் இல்லாமல் இருந்தால் அவசியம். ஆள் இருந்தால் அவரைத் தோற்கடிக்க ‘தெய்வத்துக்கும் மேல்’ என்று இன்னொரு படி கட்டுவீர்கள்.

கேள்வி (திருச்சி வாசகி): நிஜ உலகில் வாள் வித்தைக்குப் படிநிலை உண்டா? தேர்வு எப்படி நடக்கும்? என் நாயகனுக்குப் பதினேழு வயது.

பதில்: உண்டு, அங்கே பதினேழு வயதுக்காரன் தரையோடு தரையாகத்தான் இருப்பான்.

ஜப்பானின் கெண்டோ இன்று நடைமுறையில் உள்ள கறாரான ஏணி. அதில் ஒரு படியை டான் என்பார்கள். முதல் டானுக்கு 13 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிலிருந்து இரண்டாவதுக்கு 1 ஆண்டு காத்திருக்க வேண்டும். மூன்றாவதுக்கு 2, நான்காவதுக்கு 3, ஐந்தாவதுக்கு 4, ஆறாவதுக்கு 5, ஏழாவதுக்கு 6. எட்டாவதுக்கு 10 ஆண்டு. கூட்டினால் 31. எங்கும் தவறாமல் தேறினாலும் 44 வயதாகிவிடும். அது போதாதென்று எட்டாம் டானுக்கு 46 வயது ஆகியிருக்க வேண்டும் என்று தனி விதி. எழுதுபவர்களில் நூற்றுக்கு ஒருவர் தேறினால் பெரிது. ஒன்பதாம், பத்தாம் டான் வழங்குவதை 2000-இல் நிறுத்திவிட்டார்கள். உங்கள் நாயகன் 13 வயதில் தொடங்கி எல்லாவற்றிலும் முதல் முறையே தேறினால் 16 வயதில் மூன்றாம் டான். நான்காவதுக்கு 19 வரை பொறுக்க வேண்டும்.

தேர்வில் ஜெயித்தவருக்குத்தான் பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் மோதுவார்கள், நடுவர் குழு பார்க்கும். இருவரும் தேறலாம், இருவரும் தவறலாம். அவசரப்பட்டு நாலு அடி போட்டவர் தவறி, ஒரே அடியை ஒழுங்காகப் போட்டவர் தேறுவது வழக்கம். மோதலோடு கத்தா என்னும் முறைப்படுத்திய பயிற்சி வரிசையையும் செய்துகாட்ட வேண்டும்.

பழைய ஜப்பானியப் பள்ளிகளில் எண்ணே இல்லை, ஏடுதான். கிரிகாமி, மொகுரோகு, மென்கியோ என்று போகும். கடைசியில் மென்கியோ கைடென். மொகுரோகு என்பது நீங்கள் கற்ற வித்தைகளின் பட்டியல். மென்கியோ கைடென் கிடைத்தால் அந்தப் பள்ளியில் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள். இது பலத்தின் அளவு இல்லை, ஒப்படைப்பின் அளவு. கதைக்கு மிக வளமான இடம் இது: கைடென் பெற்ற கிழவரை ஏடு இல்லாத இளைஞன் வெல்லலாம், ஆனாலும் அவனால் பள்ளி நடத்த முடியாது.

ஐரோப்பாவில் இது தொழில் சங்க விவகாரம். 1487-இல் மூன்றாம் பிரடெரிக் பேரரசர் மார்க்ஸ் சகோதரர்கள் என்ற ஜெர்மானியச் சங்கத்துக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். நீள்வாள் ஆசான் என்று சொல்லிக்கொள்ள விரும்புபவர் பிராங்பர்ட் சந்தைக்கு வந்து அந்தச் சங்கத்து ஆசான்கள் முன் தேற வேண்டும். லண்டனில் எட்டாம் ஹென்றி 1540-இல் இதுபோன்ற சங்கத்தை அங்கீகரித்தார். அங்கே நான்கு படி: ஸ்காலர், ஃப்ரீ ஸ்காலர், ப்ரோவோஸ்ட், மாஸ்டர். தேர்வு பொதுமக்கள் முன்னால், விடுதி முற்றங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் நடந்தது. பல எதிராளிகளோடு ஒருவர் பின் ஒருவராக, நீள்வாள், ஒற்றைக்கூர் வாள், ரேபியர், கோல் என்று ஆயுதம் மாற்றி மாற்றி மோத வேண்டும். எலிசபெத் காலத்தின் பெயர்பெற்ற கோமாளி நடிகர் ரிச்சர்ட் டார்ல்டன் 1587-இல் அங்கே மாஸ்டர் ஆனார். கோமாளி வாள் ஆசானாக இருப்பது கற்பனைக்கு அப்பாற்பட்டது என்று எந்தப் பதிப்பாசிரியராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

கேரளத்துக் களரியில் வரிசை வேறு: முதலில் உடல் (மெய்தாரி), பிறகு கம்பு (கோல்தாரி), பிறகு உலோக ஆயுதம் (அங்கத்தாரி), கடைசியில் வெறுங்கை. கதைகளில் கைச்சண்டையில் தொடங்கி மாய வாளில் முடிப்பார்கள். களரியில் வாளைக் கீழே வைத்த பிறகுதான் கடைசிப் பாடம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): அட்டமா சித்திகளை மந்திரவாதிகளின் எட்டுப் படிகளாக வைத்திருக்கிறேன். முதல் படி அணிமா, எட்டாம் படி வசித்துவம். பொருந்துமா?

பதில்: அணிமா, மகிமா, இலகிமா, கரிமா, பிராத்தி, பிராகாமியம், ஈசத்துவம், வசித்துவம் இவை எட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஆற்றல்கள். அணு அளவு சிறுத்தவன்தான் அடுத்து மலை அளவு பெருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஏணி வேண்டுமென்றால் சைவத்தில் வேறு இடத்தில் இருக்கிறது: சரியை, கிரியை, யோகம், ஞானம். நான்கும் ஒன்றன் மேல் ஒன்று.

இரண்டையும் சேர்த்தால் அருமையான கட்டம் கிடைக்கும். குறுக்கே எட்டு ஆற்றல், நெடுக்கே நான்கு படி, மொத்தம் 32 அறை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் இப்படித்தான். காப்பு, வரவழைப்பு, வெளிப்பாடு, மாயத்தோற்றம், உருமாற்றம் என்று எட்டு மந்திரப் பிரிவுகள் குறுக்கே, ஒன்பது நிலைகள் நெடுக்கே. எல்லா அறையையும் நிரப்ப முயலாதீர்கள். இலகிமாவில் (உடலை லேசாக்கும் ஆற்றல்) மூன்றாம் படியும் மற்ற ஏழில் பூஜ்யமும் உள்ள ஒருத்தி, எட்டிலும் முதல் படி உள்ளவனைவிடக் கதையில் நன்றாக நிற்பாள். ஒரே ஓர் எச்சரிக்கை: ஈசத்துவத்தையும் வசித்துவத்தையும், அதாவது ஆள்வதையும் வசப்படுத்துவதையும், எந்தக் கதாபாத்திரத்துக்கும் முதல் பாதியில் கொடுக்காதீர்கள். எதிரியை வசப்படுத்த முடிந்தால் கதை அன்றே முடிந்துவிடும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): ஒவ்வொரு அத்தியாயத்திலும் புது எதிரி ஒரு படி மேலே வருகிறான். நாட்டில் இத்தனை மேதைகள் இருந்தார்களா என்று வாசகர்களே கேட்கிறார்கள்.

பதில்: கேட்பது நியாயம். ஒரு தாளில் ஆட்களை எண்ணிவிடுங்கள். நாட்டு மக்கள்தொகை 10 லட்சம் என்றும், நூற்றுக்கு ஒருவர் வாள் பயில்கிறார் என்றும் வைப்போம். முதல் படியில் 10,000 பேர். ஐந்தில் ஒருவர் அடுத்த படிக்குப் போகிறார் என்றால் இரண்டாம் படியைத் தொட்டவர்கள் 2,000, மூன்றாம் படி 400, நான்காம் படி 80, ஐந்தாம் படி 16, ஆறாம் படி 3. ஏழாம் படியில் ஒரு தலைமுறைக்கு ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆறாம் படி வில்லன்களை மூன்று அத்தியாயத்தில் கொன்றுவிட்டால் நாடே காலி. மூன்றாம் படியிலும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஆசிரியர்கள் என்றால் 400 பேர், ஆளுக்கு 25 மாணவர். கணக்கு உதைக்கவில்லை. ஆறாம் படிக்காரன் தெருவில் நடந்தால் ஊருக்கே அடையாளம் தெரியும். மாறுவேடம் போடாமல் அவன் சத்திரத்தில் தங்க முடியாது.

பணத்தையும் மறக்க வேண்டாம். பெரியபுராணத்தில் ஏனாதிநாத நாயனார் எயினனூரில் வாள் பயிற்றுவித்தவர். அவரிடம் மாணவர் கூடக் கூட, அதே தொழில் செய்த அதிசூரனுக்கு வருவாய் சுருங்குகிறது. வென்றவருக்கே பயிற்றும் உரிமை என்று அவன் படை திரட்டி வருகிறான், தோற்று ஓடுகிறான். பிறகு தனியே அழைத்து, நெற்றியில் பூசிய திருநீற்றைக் கேடயத்தால் மறைத்து வந்து, நெருங்கியதும் விலக்கிக் காட்டுகிறான். திருநீற்றைக் கண்ட நாயனார் எதிர்க்காமல் நிற்கிறார். எதிரி ஒரு படிகூட ஏறவில்லை. நாயகன் எதை வெட்ட மாட்டான் என்று தெரிந்து வைத்திருந்தான். உங்கள் அடுத்த வில்லனுக்கு இந்த வழியைப் பாருங்கள்.

கேள்வி (சென்னை வாசகி): ‘அவர் ஐந்தாம் படி’ என்று சொல்லாமல் சண்டையிலேயே படியைக் காட்ட முடியுமா?

பதில்: முடியும். கீழ்ப்படிக்காரனின் வலக்கை இறுகியிருக்கும், அதனால் வாள்நுனி ஆடும். எதிரியின் முகத்தைப் பார்க்காமல் வாளைப் பார்ப்பான். வெட்டியதும் பட்டதா என்று பார்க்க நின்றுவிடுவான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செத்துப்போவது பெரும்பாலும் அந்த நிற்கும் நொடியில்தான். நடுப்படிக்காரனுக்கு வித்தை சுத்தம், ஆனால் எதிரி அசைந்த பிறகே அசைவான். மேல்படிக்காரன் தன் நுனியை எதிரியின் தொண்டைக்கு நேரே வைத்துக்கொண்டு அரையடி முன்னேறி, எதிரியை அசைய வைப்பான். அசைந்த இடத்தில் வெட்டு விழும். கெண்டோவில் குரல், வாள், காலடி மூன்றும் ஒன்றாக விழுந்து, வெட்டிய பின்னும் விழிப்பு குலையாமல் இருந்தால்தான் அது கணக்கில் சேரும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டானா சுமார் 1 முதல் 1.3 கிலோ, இரு கை நீள்வாள் சுமார் ஒன்றரை கிலோ. பத்து கிலோ வாளைச் சுழற்றும் வீரன் எந்தப் படியில் இருந்தாலும் இரண்டாம் வெட்டுக்குள் செத்துவிடுவான்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): அமைத்த படிநிலை சரியாக வேலை செய்கிறதா என்று எழுதும் முன் சோதிக்க வழி உண்டா?

பதில்: தாயக்கட்டை வேண்டாம், சாதாரண ஆறுமுகப் பகடை நான்கு போதும். ஆளுக்கு இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகையோடு அவரவர் படி எண்ணைச் சேருங்கள். அதிகம் வந்தவர் வென்றார். சமமானால் மறுபடி உருட்டுங்கள். இந்த முறையில் ஒரு படி மேலுள்ளவர் நூற்றுக்கு 62 முறை வெல்வார். இரண்டு படி என்றால் 74, மூன்று 83, நான்கு 90, ஐந்து 94, ஆறு 97. பத்துப் படி வித்தியாசத்தில் கீழுள்ளவர் வெல்லவே முடியாது. இரண்டு படி இடைவெளி, சதுரங்கத்தின் 200 புள்ளிக்கு அருகில் வருகிறது பாருங்கள்.

மந்திரவாதியோடு மோதுவதற்குத் தூரத்தைச் சேர்க்க வேண்டும். வெட்டவெளி என்றால் வாள்வீரன் நெருங்குவதற்குள் மூன்று உருட்டு. மூன்றிலும் அவன் வென்றால்தான் வாள் எட்டும். இருவரும் சம படி என்றால் எட்டில் ஒரு வாய்ப்பு. வாள்வீரன் இரண்டு படி மேலே இருந்தால் 40 சதவீதம், மூன்று படி என்றால் 57. அறைக்குள் என்றால் ஒரே உருட்டு. உங்கள் நாயகன் மந்திரவாதிக்குச் சமமான படியில் இருந்து, கதைப்படி அவன் ஜெயித்தே ஆக வேண்டுமென்றால் சண்டையைக் களத்திலிருந்து தூக்கி மாடிப்படிக்கட்டில் வையுங்கள்.